பொருள் சுருங்கினால் பேச்சு விரியும்

பேச்சுப் போட்டிகளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் மாணவ மாணவியரே, தறியை நிறுத்திவிட்டு இந்த மாலை நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் நெசவாளப் பெருமக்களே!

தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களே என்று உங்களை அழைத்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆரணியில் நெசவுக்குக் கூலி, நெய்து இறக்கும் சேலைக்குத்தான். கால் மிதிக்க வேண்டும், நாடா ஓட வேண்டும், அப்போதுதான் சேலை வளரும். தறி நின்றால் சேலை நிற்கும். சேலை நின்றால் கூலி நிற்கும். ஆகவே இந்த மண்டபத்தில் நீங்கள் எனக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு. அந்த விலையை நீங்கள் உங்கள் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதை எண்ணிப் பார்க்காதவர் மேடை ஏறக் கூடாது. இன்று நான் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஓர் எண்ணமே அடிப்படை.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பேச்சுக்குப் பொருளைத் தேர்ந்தெடுப்பதும் தலைப்பு வைப்பதும். எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். குரலை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும், கையை எப்படி வைக்க வேண்டும், நடுக்கத்தை எப்படிப் போக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தருகிறார்கள். எதைப் பேசுவது என்று யார் சொல்லித்தருகிறார்கள்? நல்ல குரல் இருந்து, நல்ல தமிழ் இருந்து, நல்ல நினைவாற்றலும் இருந்து, பேச்சு ஏன் சில நேரம் மனத்தில் தங்காமல் போகிறது? பேசியவருக்குத் திறமை இல்லையா? இருந்தது. பொருள்தான் இல்லை. பொருள் இருந்தாலும் அது அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பொருள் சுருங்கினால் பேச்சு விரியும். பொருள் விரிந்தால் பேச்சு சுருங்கும்.

பொருள் வேறு, தலைப்பு வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது பொருள். அதற்கு நாம் வைக்கும் பெயர் தலைப்பு. பலரும் பெயரை முதலில் வைத்துவிட்டுப் பொருளைத் தேடுகிறார்கள். நம் முன்னோர் இதில் மிகத் தெளிவாக இருந்தார்கள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் சமணர். ஆரணிக்குப் பக்கத்திலேயே பூண்டியும் திருமலையும் சமணத் தலங்களாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தமிழ்ச் சமண மரபில் வந்த பவணந்தியார், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்கிறவர் எட்டுச் செய்திகளைத் தெரிவிக்க வேண்டும் என்கிறார். நூலைச் செய்தவர் யார், அது வந்த வழி எது, வழங்கும் எல்லை எது, நூலின் பெயர் என்ன, யாப்பு என்ன, அது கருதிய பொருள் என்ன, அதைக் கேட்பவர் யார், கேட்டால் என்ன பயன் என்ற எட்டு.

மேடையில் பேசுகிறவருக்கு இந்த எட்டில் நான்கு போதும். கேட்போர், பொருள், பயன், பெயர். இந்த நான்கையும் நான் சொன்ன இதே வரிசையில் எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்பவர் முதலில், பெயர் கடைசியில்.

முதலில் கேட்போரைப் பார்ப்போம். திருவள்ளுவர் பொருட்பாலில் மேடையைப் பற்றி இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். 72-வது அதிகாரம் அவையறிதல். 73-வது அதிகாரம் அவையஞ்சாமை. எது முன்னால் வருகிறது, பாருங்கள். அஞ்சாமல் பேசு என்று சொல்வதற்கு முன்னால், அவையை அறிந்துகொள் என்கிறார். நாமோ பிள்ளைகளுக்கு இரண்டாவதை மட்டும் சொல்லித்தருகிறோம். பயப்படாதே, பயப்படாதே என்கிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று கேள் என்று சொல்கிறோமா? எதிரே இருப்பவரை அறிந்தவருக்குப் பாதி அச்சம் தானாகவே போய்விடும்.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்தில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. அன்று தொடங்கி வெள்ளிக்கிழமை மாலைகளில் பிரசங்கம் நடந்தது. சைவம் முழுவதையும் ஒரே நாளில் சொல்லிவிட அவர் முற்பட்டாரா? இல்லை. ஒரு நாள் கொல்லாமை, ஒரு நாள் கள்ளுண்பதன் கேடு, ஒரு நாள் தானத்தின் சிறப்பு, ஒரு நாள் சிவலிங்க வழிபாடு என்று பகுத்துக்கொண்டார். பாதிரியார்களின் பிரசங்கத்தைக் கேட்டுப் பழகிய ஊர் அது. தம் சமயத்தைப் பற்றித் தெளிவாக எடுத்துச் சொல்வாரில்லையே என்று ஏங்கிய மக்கள் அவர்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அறிந்து, அதை வாரம் ஒரு கூறாக எடுத்து வைத்தார். தமிழில் மேடைப் பேச்சின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் அந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டிப் போக முடியாது.

அடுத்து 1908-க்கு வாருங்கள். தூத்துக்குடி. கோரல் ஆலைத் தொழிலாளர்கள் நடுவே வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசுகிறார்கள். நாட்டின் விடுதலைதான் அவர்கள் உள்ளத்தில் இருந்த பெரும்பொருள். ஆனால் ஆலைத் தொழிலாளியிடம் அவர்கள் எதைப் பேசினார்கள்? அவருடைய கூலியைப் பேசினார்கள். அவருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு இல்லாததைப் பேசினார்கள். பிப்ரவரி 27-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. விடுதலை என்ற பெரிய சொல்லை, கூலி, ஓய்வு என்ற சிறிய சொற்களின் வழியாகவே அந்தத் தொழிலாளி புரிந்துகொண்டார். பொருளைச் சுருக்கியதால் பேச்சின் வலிமை குறைந்ததா? கூடியது! அந்த வலிமைக்கு அஞ்சித்தானே அடுத்த மாதமே இருவரையும் கைது செய்தார்கள்?

நம் வட ஆர்க்காட்டு மண்ணிலேயே ஒருவரைச் சொல்ல வேண்டும். 1906-ல் காங்கேயநல்லூரில் பிறந்த திருமுருக கிருபானந்த வாரியார். பெரும்புலவர். ஆனால் அவர் சபையில் முதல் வரிசையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். புராணத்தைச் சொல்லிக்கொண்டே வந்து குழந்தைகளிடம் கேள்வி கேட்பார். பாட்டி தலையாட்டுவார், பேரன் விடை சொல்வான். எத்தனை வகை மக்கள் வந்திருக்கிறார்கள் என்று அறிந்து பொருளை எடுத்தவர் அவர்.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: என் எதிரே இருப்பவர் யார்? அவர் என்ன வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்? எதைக் கேட்டால் அந்த நேரம் வீணாகவில்லை என்று எண்ணுவார்?

இரண்டாவது, பொருள். இங்கே சற்று நின்று பேசப் போகிறேன். ஏனென்றால் பெரும்பாலான பேச்சுகள் கெடும் இடம் இதுதான்.

ஒரு மாணவர் ஆரணியில் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். என்ன பொருள்? பட்டு என்கிறார். நல்லது. ஆரணிக்குப் பட்டைவிடப் பொருத்தமான பொருள் வேறு உண்டா? ஆனால் பட்டு என்று மட்டும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினால் என்ன ஆகும்? சீனத்தில் தொடங்குவார். பட்டுப்பாதைக்குப் போவார். சங்க இலக்கியத்துக்கு வருவார். காஞ்சிபுரத்தைத் தொடுவார். ஆரணிக்கு வந்து சேரும்போது மணி அடித்துவிடும். எல்லாவற்றையும் தொட்டார், எதையும் சொல்லவில்லை.

அதே பட்டைச் சுருக்கிப் பாருங்கள். பட்டில் எதை? நெசவை. நெசவில் எதை? சட்டத்தை. அப்படி வந்தால் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கையில் கிடைக்கும். சில துணி ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒதுக்கிக் கொடுத்த சட்டம் அது. முதலில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அது 11 ஆகக் குறைந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று விசைத்தறிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1993-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. இப்போது அந்த மாணவர் கேட்கட்டும்: சட்டம் கைத்தறிப் பக்கம் நிற்கிறது, பிறகு ஏன் நெசவாளரின் மகன் தறியில் உட்கார மறுக்கிறான்? இந்த ஒரு கேள்வியோடு அவர் மேடை ஏறினால் மண்டபத்தில் யாராவது எழுந்து போவார்களா? ஒவ்வொருவர் வீட்டுக் கேள்வியும் அல்லவா அது!

இன்னொரு வழியில் சுருக்கிப் பாருங்கள். பட்டில் எதை? பெயரை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைப் பதிவு செய்யும் அலுவலகம் நம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. இந்தக் குறியீடு என்ன செய்யும்? வேறோர் இடத்தில் நெய்த சேலையை ஆரணிப் பட்டு என்று சொல்லி விற்பதைத் தடுக்கச் சட்டத்தில் இடம் கொடுக்கும். சரி, கடையில் சேலை வாங்க வருகிறவருக்கு இது தெரியுமா? தெரியச் செய்வது யார் கடமை? இதுவும் ஒரு முழுப் பேச்சு.

மற்றொரு வழி. பட்டில் எதை? வீட்டை. தறியில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் பார்க்கிறோம். தார் சுற்றிக் கொடுப்பவர் யார்? பாவு ஓட்டும்போது கூட நிற்பவர் யார்? இழை அறுந்தால் பிணைப்பவர் யார்? அந்த வீட்டுப் பெண்களின் உழைப்பு, கூலிக் கணக்கில் தனியாக எழுதப்படுகிறதா? இதுவும் ஒரு முழுப் பேச்சு.

ஒரு பட்டிலிருந்து எத்தனை பேச்சுகள் வந்தன, பாருங்கள். ஒவ்வொன்றும் சிறியது. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குப் போதுமானது. ஒவ்வொன்றும் கேட்பவரின் வாழ்க்கைக்குள் நேராகப் போகிறது. பட்டு என்று பரந்த பொருளை எடுத்தவருக்குப் பேசப் பத்து நிமிடம்கூடக் கனமான செய்தி இல்லை. சட்டம் என்று சுருக்கியவருக்கு ஒரு மணி நேரம் போதவில்லை.

நாளுக்கு ஏற்பப் பொருளைத் தேடுவதும் இப்படித்தான். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015-ல் சென்னையில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுதோறும் நெசவு ஊர்களில் பேச்சு நடக்கிறது. பெரும்பாலும் என்ன தலைப்பு? கைத்தறியின் பெருமை. ஒருவர் மட்டும் ஏன் ஆகஸ்ட் 7 என்று கேட்கட்டும். 1905-ஆம் ஆண்டு அதே நாளில், வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய கூட்டத்தில்தான் சுதேசி இயக்கம் முறையாக அறிவிக்கப்பட்டது. அந்நியத் துணியை விலக்குவது என்ற முடிவுக்கும் தறிக்கும் என்ன தொடர்பு, அந்த அலை தூத்துக்குடிக்கு எப்படி வந்தது, வ.உ.சி.யைக் கப்பல் ஓட்ட வைத்தது எது என்று அவர் பேசட்டும். ஒரு நாளைப் பற்றிய பேச்சு ஒரு நாட்டைப் பற்றிய பேச்சாக விரியும். விரிய வேண்டியது பேச்சு. பொருள் அந்த ஒரே நாள்தான்.

வரலாறு பேச விரும்புகிறவர்கள் தென்னிந்திய வரலாறு என்று எடுக்க வேண்டாம். 1751-ல் ஆர்க்காட்டு முற்றுகை முடிந்ததும், ஆங்கிலேயத் தளபதி கிளைவின் படையும் மராத்தியக் குதிரைப்படையும் சேர்ந்து, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் படையோடு மோதியது இந்த ஆரணியில். 1782-ல் மைசூரின் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியதும் இந்த ஆரணியில். முப்பது ஆண்டுகளில் ஏன் இரண்டு முறை போர் இந்த ஊரைத் தேடி வந்தது? இங்கே ஒரு கோட்டை இருந்ததாலா? ஆர்க்காட்டுக்கும் செஞ்சிக்கும் நடுவே இருந்ததாலா? ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொருள் உண்டா? ஆற்றைப் பற்றிப் பேச வேண்டுமா? இந்தியாவின் நதிகள் வேண்டாம். கமண்டல நாகநதி போதும்.

மூன்றாவது, பயன். இந்தப் பேச்சினால் என்ன நடக்க வேண்டும் என்று பேசுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பொருளின் மேல் தனக்கு ஒரு கட்சி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது. மறுபடியும் வள்ளுவரிடமே போகலாம். 133 அதிகாரங்களுக்கும் தலைப்பு உண்டு. ஓர் அதிகாரத்துக்குக் கள் என்று பெயர் இல்லை; கள்ளுண்ணாமை என்று இருக்கிறது. கொலை என்று பெயர் இல்லை. கொல்லாமை என்று இருக்கிறது. புறங்கூறாமை, பயனில சொல்லாமை, புலால் மறுத்தல். பெயரைக் கேட்ட உடனே எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. பேச்சுக்கு நாம் எடுக்கும் பொருளிலும் இந்தத் தெளிவு இருக்க வேண்டும்.

இந்தத் தெளிவுக்கு எவ்வளவு விலை கொடுக்க நேர்ந்தாலும் கொடுத்த ஒருவரைச் சொல்கிறேன். 1936. லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற அமைப்பு தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. அவர் உரையை எழுதி அச்சிட்டார். அதைப் படித்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்கக் கேட்டார்கள். அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற இசையவில்லை. மாநாடே நடக்கவில்லை. உரை மேடை ஏறவே இல்லை. அச்சிட்ட 1,500 பிரதிகளையும் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். சாதி ஒழிப்பு என்பதே அந்த உரையின் பெயர். சாதியின் வரலாறு என்று அவர் பெயர் வைத்திருக்கலாம். சாதியும் சமூகமும் என்று வைத்திருக்கலாம். யாருக்கும் வருத்தம் இராது. அவர் ஒழிப்பு என்றார். தந்தை பெரியார் அதைத் தமிழாக்கி வெளியிட்டபோது, சாதியை ஒழிக்க வழி என்று பெயர் வந்தது. பேசப்படாத அந்தப் பேச்சு இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறது. காரணம் என்ன? அதற்கு ஒரே பொருள். அந்தப் பொருளில் ஒரே உறுதி.

மகாகவி பாரதியாரை எண்ணிப் பாருங்கள். 1921 ஜூலை 31. ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில் ஒரு வாசகசாலைக்காகப் பேச வந்தார். உடல் மெலிந்திருந்த காலம். வாழ்வும் சாவும் என்று அவர் பேசவில்லை. மனிதனுக்கு மரணமில்லை என்று பேசினார். அதற்கடுத்த செப்டம்பரில் அவர் மறைந்தார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஊர் அந்தப் பேச்சை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. அந்தத் தலைப்பு கேட்பவரை உடனே ஒரு பக்கம் நிற்கச் சொல்கிறது. எப்படி மரணமில்லை என்று மனம் கேட்கிறது. கேட்கத் தொடங்கிய மனம் எழுந்து போகாது.

இப்போது நான்காவது, பெயர். கேட்பவரை அறிந்தோம், பொருளைச் சுருக்கினோம், நம் கட்சியை முடிவு செய்தோம். பெயர் வைப்போம்.

தமிழில் பேச்சுக்குப் பெயர் வைத்த பெரியவர்களைப் பார்த்தால் சில வழிகள் தெரிகின்றன. ஒன்று, இரண்டை எதிரெதிரே நிறுத்துவது. உ.வே.சாமிநாதையர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்குச் சங்கத் தமிழும் பிற்காலத் தமிழும் என்று பெயர். பெயரிலேயே ஒப்பீடு வந்துவிட்டது. எங்கே தொடங்குவார், எங்கே வந்து சேர்வார் என்று கேட்பவருக்குத் தெரிகிறது. சொல்லின் செல்வர் ரா.பி.சேதுப்பிள்ளை இந்த வழியில் வல்லவர். ஊரும் பேரும், வேலும் வில்லும் என்று அவர் வைத்த பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கில் தடங்கலே இல்லை. தமிழுக்கு முதல் சாகித்திய அகாதமி பரிசு 1955-ல் அவருடைய தமிழின்பம் நூலுக்குத்தான் கிடைத்தது.

மற்றொரு வழி, அறைகூவல். காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா இந்த வழியில் வல்லவர். 1943-ல் கம்பராமாயணத்தைப் பற்றி இரண்டு விவாதங்கள் நடந்தன. சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாவுக்கு எதிரே நின்றவர் அதே சேதுப்பிள்ளை. சேலத்தில் எதிரே நின்றவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். அவை நூலானபோது வந்த பெயர் தீ பரவட்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைக்கு ஏ, தாழ்ந்த தமிழகமே! என்று பெயர். அவர் வாதத்தை ஏற்றவரும் அந்தத் தலைப்பை மறக்கவில்லை, மறுத்தவரும் மறக்கவில்லை. 1897-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் சென்னை விக்டோரியா மண்டபத்தில் பேசியபோது, துறவியான அவர் தம் உரைக்கு எனது போர்முறை என்று பெயர் வைத்தார். அமைதியை எதிர்பார்த்து வந்த கூட்டத்தைத் தலைப்பே நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும்.

இன்னொரு வழி, கேள்வி. பெண் ஏன் அடிமையானாள் என்று பெரியார் தம் நூலுக்கு வைத்த பெயர் ஒரு கேள்வி. அடிமைதானா என்ற வாதத்துக்கே அவர் இடம் தரவில்லை. ஏன் என்று நேரே கேட்டுவிட்டார். பட்டிமன்றம் என்ற நம் கலை முழுவதும் கேள்வித் தலைப்பில்தான் உயிர் வாழ்கிறது. மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் பேசப்படுகிறது. அத்தனை பழமையான கலை. பட்டிமன்றத் தலைப்புக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. இரண்டு பக்கமும் சம எடை இருக்க வேண்டும். கேட்ட உடனே விடை தெரிந்துவிடும் கேள்வியைத் தலைப்பாக வைத்தால், ஒரு பக்கத்தில் பேசுகிறவர்கள் பொய்யைத்தான் பேச வேண்டிவரும். நடுவருக்கும் வேலை இராது.

பெயர் கடைசியில் வர வேண்டும் என்று சொன்னேன். பேச்சு முடிந்த பிறகும்கூட வரலாம். 1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டன் நகரில் லிங்கன் நினைவகத்தின் முன் மார்ட்டின் லூதர் கிங் பேசுகிறார். கையில் எழுதி வைத்த உரை இருந்தது. அதில் கனவைப் பற்றிய பகுதி இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது அருகில் இருந்த பாடகி மகாலியா ஜாக்சன், கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். கிங் காகிதத்தை விட்டுவிட்டு, முன்பு வேறு மேடைகளில் சொன்ன கனவைச் சொன்னார். எனக்கொரு கனவு உண்டு என்பதே அந்த உரைக்கு உலகம் வைத்த பெயர். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? கேட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் வாக்கியம் எதுவோ, அதுதான் உண்மையான தலைப்பு. ஆகவே பேச்சை எழுதி முடித்ததும் உங்களையே கேளுங்கள்: இதைக் கேட்டுவிட்டுப் போகிறவரை, இன்றைக்கு என்ன பேசினார்கள் என்று வீட்டில் கேட்டால், அவர் ஒரே வரியில் என்ன சொல்வார்? அந்த வரியை எடுத்துத் தலைப்பாக வையுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பல நேரம் தலைப்பை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பள்ளியில் கொடுத்துவிடுகிறார்கள். தாய்நாடு என்று கொடுப்பார்கள். உழைப்பே உயர்வு என்று கொடுப்பார்கள். நேரம் ஐந்து நிமிடம். என்ன செய்வீர்கள்? தலைப்பு அவர்களுடையது, பொருள் உங்களுடையது. இதை மறக்காதீர்கள். உழைப்பே உயர்வு என்று கொடுத்தால், உலகத்தில் உழைத்து உயர்ந்தவர் எல்லோரையும் அழைத்து வராதீர்கள். ஒருவரை எடுங்கள். ஒரு குழித்தறியை எடுங்கள். ஒரு சேலை தறியிலிருந்து இறங்கும் வரை அதில் யார் யாருடைய உழைப்பு சேர்கிறது என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வரும், ஜரிகை சூரத்திலிருந்து வரும். சாயம் போட்டவர் ஒருவர், பாவு ஓட்டியவர் ஒருவர், நெய்தவர் ஒருவர். இத்தனை பேர் உழைத்த பிறகு உயர்வு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்டு முடியுங்கள். கொடுத்த தலைப்பை நீங்கள் மீறவில்லை. ஆனால் அந்த மேடையில் வேறு யாரும் பேசாத பேச்சைப் பேசியிருப்பீர்கள்.

திருமண மேடையில் வாழ்த்த அழைத்தாலும் இதே முறைதான். திருமணத்தின் தத்துவம் முழுவதும் அங்கே வேண்டாம். பசியோடு இருக்கும் பந்தியை எண்ணிக்கொள்ளுங்கள். மணமக்களுக்கு ஒரு செய்தி, அதற்கு ஒரு சான்று, ஒரு வாழ்த்து. இரங்கல் கூட்டத்தில் மறைந்தவரின் எல்லாப் பண்பையும் அடுக்க வேண்டாம். அவர் செய்த ஒரு செயலைச் சொல்லுங்கள். அந்தச் செயலில் அவர் முழுவதும் இருப்பார்.

சேலையில் பார்டருக்கும் புட்டாவுக்கும் முந்திக்கும் என்ன வடிவம் என்று தறி ஓடத் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது அல்லவா? பாதிச் சேலை நெய்த பிறகு வடிவத்தை யோசிக்கிற நெசவாளர் ஆரணியில் உண்டா? பேச்சையும் அப்படித்தான் அணுக வேண்டும். மைக் முன்னால் நின்ற பிறகு பொருளை யோசிக்கக் கூடாது. மேடை ஏறும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். யாருக்குப் பேசுகிறேன்? எந்த ஒன்றைப் பேசுகிறேன்? அதில் என் கட்சி என்ன? அதற்கு என்ன பெயர்? நான்கில் ஒன்றுக்கு விடை இல்லை என்றாலும் பேச்சு இன்னும் தயாராகவில்லை.

பெரியோர்களே, தாய்மார்களே! முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். இந்த ஊரைப் பற்றி இதுவரை வெளியூர்க்காரர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அதிகாரிகள் பேசினார்கள், வியாபாரிகள் பேசினார்கள், அரசியல் தலைவர்கள் பேசினார்கள், என்னைப் போன்ற பேச்சாளர்களும் பேசுகிறோம். எங்களுக்குத் தெரிந்தது பட்டு என்ற பெரிய சொல். அதற்குள் இருக்கும் சிறிய பொருள்கள் எல்லாம் உங்கள் வீட்டில் இருக்கின்றன. முழங்கால் வலி இருக்கிறது. சங்கத்துப் பட்டுவாடா நாள் இருக்கிறது. விசைத்தறியின் சத்தம் இருக்கிறது. தறியில் உட்கார்ந்தபடியே பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தந்த தாய் இருக்கிறாள். இவற்றைப் பேச உங்களைவிடத் தகுதி உடையவர் யார்? நீங்கள் பேசாவிட்டால் இவை பேசப்படாமலே போகும். பேசப்படாதது சட்டமன்றத்துக்குப் போகாது, சட்டத்துக்குள்ளும் வராது.

அடுத்த ஆகஸ்ட் 7 அன்று இந்த ஊரின் மேடையில் ஒரு நெசவாளர் பேசட்டும். ஒரு நெசவாளப் பெண் பேசட்டும். கைத்தறியின் பெருமை என்று எழுதித் தந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எடுங்கள். அதில் உங்கள் கட்சியை உறுதி செய்யுங்கள். அதற்கு உங்கள் வாயிலிருந்து பெயர் வையுங்கள். அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் வருகிறேன்.